பதினேழாவது ஆசிரியை

பசுவுக்கு மாதச் சம்பளம் கொடுக்கிற கல்லூரிகள் உலகத்தில் எத்தனை உண்டோ தெரியாது. பேராசிரியை வேலை பார்க்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி அவற்றில் ஒன்று. ஒரு மாதம்கூடத் தள்ளிப்போகாமல் கொடுத்தது என்பதுதான் அதில் விசேஷம். மற்ற ஆசிரியர்களுக்குப் பத்து நாள் பிந்தியும் வரும். பசுவுக்கு முதல் தேதி டாண் என்று வந்துவிடும்.

போன வாரம் வரை இது பேராசிரியையின் வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் பேராசிரியையின் கொழுந்தன். பல்கலைக்கழகத்தில் கணக்கர் வேலை, அண்ணன் வீட்டு மாடியில் ஒற்றை ஆளாகக் குடியிருப்பு. பேராசிரியையின் மகள்தான் சாயத்தை வெளுக்க வைத்தாள். அதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவி, மாணவர் பிரதிநிதி. அடுத்த ஆண்டு முதல் கட்டணம் ஒன்றரை மடங்கு என்று அறிவிப்பு ஒட்டினார்கள். ஏன் என்றால் 'ஆசிரியர் ஊதியச் செலவு' என்றார்கள். எத்தனை ஆசிரியர் என்று எழுதிக் கேட்டு, பட்டியலை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். பதினேழு பெயர்கள். பதினாறு முகங்கள் அவளுக்குத் தெரியும்.

"பதினேழாவது யாரும்மா? 'திருமதி ஜன்னல், தற்காலிகச் செய்முறைப் பயிற்றுநர்'னு போட்டிருக்கு. நம்ம மாட்டுப் பேர்ல இன்னொருத்தங்களா?"

தேநீருக்காக மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கணக்கர், பாதிப் படியில் நின்றார். வந்த காரியம் மறந்தவர்போலத் திரும்பி ஏறிப்போனார். ஏறியவரை இறக்குவதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

ஜன்னல் என்பது பெரிய கால்நடைப் பிரிவில் மூன்றாம் தடுப்பில் நிற்கும் பசு. இடது விலாவுக்குப் பின்னால் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதற்கு ரப்பர் மூடி. படிப்பதற்கென்றே அறுவை செய்து வைத்தது. மூடியைத் திறந்து, தோள்வரை நீளும் கையுறையைப் போட்டுக் கையை உள்ளே விட்டால், மாட்டின் முதல் வயிறு எப்படிப் புரள்கிறது என்று விரலாலேயே படிக்கலாம். அதற்கு வலியில்லை. உள்ளே கை இருக்கும்போதே அது பாட்டுக்கு வைக்கோல் தின்னும். கை நடுங்கினால் மட்டும் திரும்பி ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வைக்குத் தாக்குப்பிடிக்காதவன் எழுத்துத் தேர்விலும் தேறியதில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் தீவனத்துக்கான ஒதுக்கீட்டைப் பல்கலைக்கழகம் அடியோடு வெட்டியது. பேராசிரியை மூன்று கடிதம் எழுதினாள். 'நிதிநிலை சீரானதும் பரிசீலிக்கப்படும்' என்று மூன்று பதில் வந்தன. நான்காவது தடவை கடிதம் எழுதாமல் கொழுந்தனிடம் சொன்னாள்: "எப்படியாவது வைக்கோலுக்கு ஒரு வழி பண்ணுங்க தம்பி."

பண்ணினார். தீவனம் என்ற தலைப்பில் காசில்லை, ஊதியம் என்ற தலைப்பில் இருந்தது. பயிற்றுநர் பணியிடம் ஒன்று காலியாகவும் இருந்தது. அதில் பசுவை நியமித்தார். சம்பளம் வைக்கோலாக வந்து இறங்கியது. படிவத்தில் பொய் எழுதக் கூடாது என்பது அவருடைய கொள்கை. ஆகவே முகவரி: மூன்றாம் தடுப்பு. தகப்பனார் பெயர்: உறைவிந்துக் குழாய் எண் 407. அப்படியே எழுதினார். யாரும் படிக்கவில்லை.

அதற்கப்புறம் ஜன்னலுக்கு வருஷா வருஷம் ஊதிய உயர்வு. ஒரு நாள் விடுப்பு எடுத்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கணினிப் பயிற்சிக்கு ஏன் வரவில்லை என்று விளக்கம் கேட்டுத் தாக்கீது வந்தது. 'பயிற்சிக் கூடம் இரண்டாம் மாடியில் இருப்பதாலும், உடல்வாகு காரணமாகவும்' என்று கணக்கர் பதில் போட்டார். ஏற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு நல்ல பணியாளருக்கான பரிசுக்கு இறுதிச் சுற்று வரை போனது என்றும் சொல்வார்கள். அது எந்த அளவுக்கு உண்மையோ.

இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கலாம். பேராசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இன்றைக்குப் புதன்கிழமை, மேற்பார்வைக் குழு வருகிற நாள்.

கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் குறைந்தது பதினேழு ஆசிரியர் வேண்டும் என்பது குழுவின் விதி. ஒருவர் குறைந்தாலும் அடுத்த ஆண்டு புது மாணவர் சேர்க்கை கிடையாது. சேர்க்கை நின்ற கல்லூரி இரண்டு வருஷம் தாங்காது. ஒரு காலத்தில் இருபத்தாறு பேர் இருந்த இடம் அது. ஓய்வு பெற்றவர்கள் போகப் போக நாற்காலிகள்தான் மிஞ்சின. முதல்வரின் நாற்காலியும் ஒன்றரை வருஷமாகக் காலி. அந்த வேலையையும் இவள்தான் சேர்த்துப் பார்க்கிறாள். ஆகவே பட்டியலில் கையெழுத்தும் இவளுடையது.

*

"கையெழுத்துப் போடப் போறியாம்மா?" என்றாள் மகள், கதவோரமாக நின்று.

"பூட்ஸ் போட்டுட்டிருக்கேன். ஒவ்வொண்ணா கேளு."

"பதினாறுன்னு எழுதினா காலேஜ் போச்சு. தெரியும். பதினேழுன்னு எழுதினா, நாங்க மாட்டுக்குச் சம்பளம் கட்டிட்டிருக்கோம்னு காலேஜ் வாசல்ல உட்கார்ந்து நான் சொல்ல வேண்டி வரும். அட்டை எழுதியாச்சு."

"என்ன எழுதியிருக்கே?"

"'எங்கள் கட்டணம் எங்கே போகிறது?' அதுக்குக் கீழ இடம் விட்டு வச்சிருக்கேன். நீ பண்றதைப் பார்த்துட்டு எழுதுவேன்."

பேராசிரியை நிமிர்ந்து பார்த்தாள். பிரசவத்தில் சிக்கிய கன்றின் காலைப் பிடித்து இழுக்கும்போது அவள் முகத்தில் வருகிற அதே அழுத்தம் மகள் முகத்தில் இருந்தது. பெற்றதற்குப் பலன்.

"அந்த லாரிக்காரர் பொண்ணு என்ன சொல்றா?"

"பெட்டி கட்டி வச்சிருக்கா. ஃபீஸ் ஏறினா அடுத்த மாசம் ஊருக்கு. எங்க கிளாஸ்ல மாட்டுக்கு ஊசி போட்டா மாடே திரும்பிப் பார்க்காத அளவுக்குப் போடறவ அவ ஒருத்திதான்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம். கணக்கர் தலைவாரி, பொத்தான் எல்லாம் போட்டு, மணமகன்போல் இறங்கி வந்தார்.

"அண்ணி, நீங்க எதுக்கும் கலங்காதீங்க. ஏற்பாடு பண்ணிட்டேன்."

அந்த வார்த்தையைக் கேட்டால் அந்த வீட்டில் பூனைகூட எழுந்து வேறிடம் போகும். போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்க அவர் ஏற்பாடு பண்ணினார். பக்கத்து வீடு பளபளவென்று ஆயிற்று.

"என்ன ஏற்பாடு தம்பி?"

"தெரியாம இருக்கிறதுதான் உங்களுக்கு நல்லது."

"போன தடவையும் அப்படித்தான் தெரியாம இருந்தேன்."

கணக்கர் கடிகாரத்தைப் பார்த்தார், பஸ்ஸைச் சொன்னார், போய்விட்டார்.

கணவரும் அன்று வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரம் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஒரு நாளைக்குப் பதினோரு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். பெண் பார்க்க வந்த நாளில் பத்தில் நிறுத்திவிட்டதால் சம்மதமா இல்லையா என்று தெரிய மறுநாள் வரை காத்திருக்க வேண்டியிருந்ததாம்.

"கடை பத்து மணிக்குத்தானே திறப்பீங்க? எங்க இவ்வளவு சீக்கிரம்?" என்றாள் பேராசிரியை.

"தம்பி சொன்னான்."

இரண்டு செலவாயிற்று. மேற்கொண்டு கேட்க அவளுக்கு நேரமில்லை.

*

கல்லூரி வாசலில் நாற்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கோஷம் இல்லை. மடியில் அட்டை, வாயில் பூட்டு. முன்வரிசையில் மகள். அம்மா உள்ளே போகும்போது எழுந்திருக்கவில்லை. காலை மட்டும் மடக்கி வழிவிட்டாள்.

குழுவில் இரண்டு பேர். ஒருவர் பட்டியலும் பேனாவுமாக ஓர் இளைஞர். தலைமை ஒரு குள்ளமான அம்மாள். தன் ரப்பர் பூட்ஸைத் தானே துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்ததுமே பேராசிரியைக்குப் புரிந்துவிட்டது. பளபளப்பான செருப்போடு வருகிறவர்களை வராந்தாவோடு அனுப்பிவிடலாம். பூட்ஸ் கொண்டுவருகிறவர்கள் தடுப்பு வரைக்கும் வருவார்கள்.

வந்தார். போகிற வழியில் எல்லாவற்றையும் பார்த்தார். பெயர்ப்பலகை மட்டும் மாட்டியிருக்கிற ஆளில்லாத அறைகள். உடற்கூறு அறையில் ஒழுகலுக்கு வைத்த வாளி. அதற்கு ஆய்வக எண் போட்டு, வருஷா வருஷம் சரிபார்த்துக் கையெழுத்திட்டிருந்தார்கள். ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புக்குப் பாடம் எடுக்க வசதியாக நடுச்சுவரில் போட்ட கதவு.

"இந்தக் கதவு எப்ப போட்டது?"

"போன வருஷம்," என்றாள் பேராசிரியை. "ரெண்டு பக்கமும் கேட்கணும்னு அவர் வாசப்படியில நின்னு பாடம் எடுப்பார். கழுத்துவலி வந்துடுச்சு."

தலைமை அம்மாள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

பதினோரு மணிக்குள் பதினாறு பேரை நேரில் பார்த்து, பதினாறு டிக் விழுந்தாயிற்று. கையெழுத்திடவேண்டிய தாள் பேராசிரியையின் மேலங்கிப் பையில் நான்காக மடித்து இருந்தது. இன்னும் கையெழுத்தாகவில்லை.

"இன்னும் ஒருத்தர்தான் பாக்கி," என்றார் இளைஞர். "செய்முறைப் பயிற்றுநர்."

"இதோ, இப்படி வாங்க. பட்டியல்ல 'திருமதி'ங்கிறது அச்சுப்பிழை," என்று எங்கிருந்தோ கணக்கரின் குரல் கேட்டது.

மூன்றாம் தடுப்பில் ஜன்னல் வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில், முழங்கையோடு நின்றுவிட்ட வெள்ளை மேலங்கியில், கழுத்தில் இதயத்துடிப்புக் குழாயைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, பேராசிரியையின் கணவர் நின்றார்.

இருபத்து நான்கு வருஷமாக ஒரு மாட்டையும் தொடாத மனிதர். வீட்டுக்குப் பின்னால் ஆடு வந்தால் கதவைச் சாத்துகிறவர்.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்றார் தலைமை அம்மாள்.

"பதினொண்ணு."

"மாணவங்களுக்கு என்ன காட்டிக் கொடுப்பீங்க?"

கணவர் பசுவைப் பார்த்தார். பசு அவரைப் பார்த்தது. தொழில் பழக்கம் யாரை விட்டது? அவர் குனிந்து அதன் முகத்தருகே போய், சட்டைப்பையிலிருந்த சின்ன விளக்கை அடித்துப் பார்த்தார்.

"இடது கண்ணுல லேசா வெள்ளை."

தலைமை அம்மாள் முன்னால் வந்து பார்த்தார். விரலால் இமையைத் தூக்கி மறுபடி பார்த்தார். உண்மைதான், புரை விழ ஆரம்பித்திருந்தது. பதினோரு வருஷத்தில் ஆயிரம் மாணவர்கள் அந்த மாட்டின் வயிற்றைப் பார்த்திருந்தார்கள். கண்ணைப் பார்த்தவன் ஒருவன் இல்லை. பேராசிரியை உட்பட.

"நல்ல கவனிப்பு," என்றார் அம்மாள், அந்தக் காலையில் முதல்முறையாக முகம் இளகி. "இப்படிப் பார்க்கிறவங்க குறைஞ்சுட்டாங்க. போட்டுக்குங்க."

கணக்கர் கூரையைப் பார்த்துக் கண்ணை மூடினார். இளைஞர் பேனாவைத் திறந்தார்.

தப்பிவிட்டது. அப்படியே விட்டால் போதும். கல்லூரி பிழைத்தது, கொழுந்தன் பிழைத்தார், ஜன்னலுக்கு வைக்கோல் பிழைத்தது. அரைக்கதவுக்கு அப்பால் யாரோ நிற்பது தெரிந்தது. மகள். கையில் அட்டை. அட்டையில் கீழ்ப்பாதி வெள்ளையாகவே இருந்தது. அவள் காத்திருந்தாள்.

பேனா தாளைத் தொடும்போது பேராசிரியை சொன்னாள்: "டிக் போடாதீங்க."

எல்லோரும் திரும்பினார்கள். பசுவும்.

"இவர் என் வீட்டுக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கார். பதினேழாவது ஆள் அவர் பக்கத்துல நிக்குது."

இளைஞர் கணவரின் வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். பசுவுக்குப் பின்னால் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று எட்டியும் பார்த்தார்.

"மாடுங்க," என்றாள் பேராசிரியை. "மாடுதான்."

ஜன்னல் அசைபோட்டுக்கொண்டே இருந்தது.

"யார் இதைப் பட்டியல்ல சேர்த்தது?" என்றார் தலைமை அம்மாள்.

கணக்கர் ஒரு எட்டு முன்னால் வந்தார். அதற்குள் பேராசிரியை குறுக்கே வந்துவிட்டாள்.

"எழுதினது அவர். கேட்டது நான். எப்படிக் கிடைச்சுதுன்னு கேட்காம பதினொரு வருஷம் வாங்கிப் போட்டதும் நான்தான். அதை முதல்ல எழுதிக்குங்க. அப்புறம் இன்னொண்ணையும் எழுதிக்குங்க. ஆள் குடுங்கன்னு இருபத்திரண்டு கடிதம் போட்டேன். ஒவ்வொண்ணுக்கும் 'தங்கள் பணியிடங்கள் நிரம்பியுள்ளன'ன்னு பதில். யாரை வச்சு நிரம்பியிருக்குன்னு போன வாரம்தான் தெரிஞ்சுது. வைக்கோல் வாங்கறதா நினைச்சிட்டிருந்தேன். ஒரு ஆசிரியரைக் குடுத்து வாங்கியிருக்கேன்."

மேலங்கிப் பையிலிருந்து தாளை எடுத்தாள். தடுப்பின் மரச்சட்டத்தில் வைத்து, பதினேழு என்பதை அடித்துப் பதினாறு என்று எழுதி, கையெழுத்திட்டு நீட்டினாள். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் ஜன்னல் பார்த்திருக்கும்.

தலைமை அம்மாள் தாளை வாங்கவில்லை. "கையுறை இருக்கா?" என்றார்.

மகள் கதவைத் திறந்து வந்து எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மாள் தோள்வரை போட்டுக்கொண்டு, மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டுக் கண்ணை மூடி நின்றார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்.

"நல்லா புரளுது. சீக்கு மாடுகளுக்கு இதோட வயித்துத் தண்ணி எடுத்துக் குடுப்பீங்களா?"

"போன மாசம் பதினாலு மாட்டுக்குக் குடுத்தோம்," என்றாள் மகள். "பதிமூணு எழுந்திருச்சுது. இதுக்குச் சம்பளம் வேண்டாம்னு நாங்க சொல்லலை. இதுக்கு வைக்கோல் ஒரு செலவு, எங்களுக்கு ஆசிரியர் ஒரு செலவு. ரெண்டையும் ஒரே பேர்ல போட்டு, அதையும் எங்க ஃபீஸ்ல ஏத்தாதீங்கன்னுதான் சொல்றோம்."

"கட்டணம் என் கையில இல்லம்மா."

"எழுதறது உங்க கையில இருக்கு."

தலைமை அம்மாள் கையை வெளியே எடுத்தார். "அம்மாவும் பொண்ணுமா?" என்றார்.

"ஆமா."

"கேட்டேன், அவ்வளவுதான். கேட்காமலே தெரியுது."

அவர் தீர்ப்பைப் பூட்ஸ் கழுவிக்கொண்டே சொன்னார். "நானா கண்டுபிடிச்சிருந்தா இன்னைக்கே மூடி எழுதியிருப்பேன். விதி விதிதான், பதினாறு பத்தாது. முப்பது நாள் தர்றேன். அந்தப் பணியிடத்துல ரெண்டு கால் உள்ள ஒருத்தர் இருக்கணும். இல்லைன்னா சேர்க்கை கிடையாது. கட்டணத்தைப் பத்தி இந்தப் பொண்ணு சொன்னதை அப்படியே எழுதறேன். பதிவாளருக்கு நான் இப்பவே பேசியாகணும். அதை மறைக்க மாட்டேன்." கணக்கர் பக்கம் திரும்பாமலே, "உங்களுக்கு அது நல்லதா முடியாது," என்றார்.

புறப்படும்போது கணவர் அவரை வழிமறித்தார். அம்மாளின் மூக்குக்கண்ணாடி காலை முதல் ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தது.

"திருகாணி தளர்ந்திருக்கு."

சட்டைப்பையிலிருந்து குண்டூசி அளவு திருப்புளியை எடுத்தார். இரண்டு திருகு. கண்ணாடி நேராக நின்றது. மேற்பார்வைக் குழுவின் வரலாற்றில், ஒரு கல்லூரியில் அவர்கள் வாங்கிக்கொண்ட ஒரே சலுகை அதுதான்.

*

மாலை ஐந்து மணிக்கு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு பேர், நான்கு தட்டு. கணக்கர் தட்டைத் தொடவில்லை.

"பதினொரு வருஷம் வைக்கோல் வந்தப்ப 'தம்பி தம்பி'ன்னீங்க," என்றார், உப்புக் கிண்ணத்தைப் பார்த்தபடி. "இன்னிக்கு எல்லார் முன்னாடியும் 'எழுதினது அவர்'னுட்டீங்க."

பேராசிரியைக்கு அது நெஞ்சில் தைத்தது. அவர் சொன்னதில் பொய்யில்லை. படிவத்திலேயே பொய் எழுதாதவர்.

"எழுதினது நீங்கதானே தம்பி."

"இல்லேங்கலை. வேலை போயிடும்ங்கறேன்."

"போக விட மாட்டேன். உங்களைக் கேட்டா என்னையும் சேர்த்துக் கேட்கணும். அப்பத்தான் அந்த இருபத்திரண்டு கடிதத்தையும் அவங்க மேசையில வைக்க முடியும். பொய்யோட நின்னிருந்தா நாளைக்கு வாயைத் திறக்க முடியுமா? இப்ப திறக்கலாம்."

"சித்தப்பா," என்றாள் மகள், "உங்களை மாட்டிவிட எனக்கு ஆசையா? நீங்க வாங்கின வைக்கோல்லதான் நான் படிச்சேன். ஆனா அந்த லாரிக்காரர் பொண்ணு பெட்டியைப் பிரிக்கலை இன்னும்."

கணக்கர் உப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அண்ணன் அவர் பக்கம் தட்டை நகர்த்தினார்.

"சாப்பிடு."

கணக்கர் ஒரு வாய் எடுத்தார். அதற்குள் வாசல்மணி அடித்தது.

பல்கலைக்கழகக் கடைநிலை ஊழியர் நின்றார், கையில் நீள உறை. கணக்கர் எடுத்த வாயைக் கீழே வைத்தார். "வந்துடுச்சு," என்றார். ஆசிரியர் கேட்டுப் போட்ட ஒவ்வொரு கடிதத்துக்கும் ஆறு மாதம் எடுத்துக்கொண்ட அலுவலகம், இதற்கு ஐந்தே மணி நேரம் எடுத்துக்கொண்டது.

பேராசிரியை உறையைத் திருப்பிப் பார்த்தாள். கொழுந்தனின் பெயர் இல்லை. அவளுடைய பெயரும் இல்லை. மேலே சுத்தமாகத் தட்டச்சு செய்திருந்தது: 'திருமதி ஜன்னல், தற்காலிகச் செய்முறைப் பயிற்றுநர். துறைத்தலைவர் வழியாக.'

மகள் வாங்கிப் பிரித்து உரக்கப் படித்தாள்.

"'தங்களது நியமனம் ஒழுங்கற்றது எனத் தெரியவருவதால், வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, நிர்வாகக் கட்டடம், இரண்டாம் மாடி, பதிவாளர் அறையில் தாங்கள் நேரில் ஆஜராகி விளக்கம் அளிக்கவேண்டும். வரத் தவறினால் தாங்கள் வகிக்கும் பணியிடம் நிரந்தரமாக ரத்து செய்யப்படும்.'"

"பதிவாளர் பார்க்காம கையெழுத்துப் போட்டிருக்கார்," என்றார் கணக்கர் மெதுவாக. அவர் முகத்தில் ரத்தம் ஏறத் தொடங்கியது. "நியமிக்கப்பட்டவரை விசாரிச்ச பிறகுதான் மத்தவங்க மேல கை வைக்கலாம். விதி நாற்பத்தொண்ணு. அதுவரைக்கும் என்னை ஒண்ணும் பண்ண முடியாது."

"பணியிடமே ரத்துன்னா?" என்றாள் மகள். "அப்புறம் பதினேழாவது ஆளை எதுல போடறது?"

"போட முடியாது. காலேஜ் அவ்வளவுதான்."

பேராசிரியை கடிதத்தை வாங்கி, மடித்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் பறக்காமல் வைத்தாள். பிறகு வாசலுக்குப் போய், அலமாரிக்குக் கீழே இருந்த கயிற்றுச் சுருளை எடுத்து, முழம் போட்டுப் பார்த்தாள். மூன்று முழம், ஐந்து முழம், எட்டு.

"வரச் சொல்லியிருக்காங்க," என்றாள். "வருவா."

"அண்ணி, ரெண்டாம் மாடி."

"படி அகலம்தான். பாய் விரிச்சா வழுக்காது. முன்னால ஒருத்தர் வைக்கோல் காட்டணும், பின்னால ஒருத்தர் போதும். விசாரணை நடக்கட்டும். முடியட்டும். என் இருபத்திரண்டு கடிதத்துக்கும் பதில் வாங்காம அவ அந்த அறையை விட்டு வரமாட்டா."

"அம்மா, மாடு படி ஏறுமா?"

"ஏறும்."

கணவர் கரண்டியைக் கீழே வைத்தார். அன்றைய பதினொன்றில் அவரிடம் ஒன்று மிச்சமிருந்தது. ராத்திரிக்கு என்று வைத்திருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், அதையும் செலவழித்துவிட்டார்.

"இறங்குமா?"

பேராசிரியை கயிற்றின் முனையில் சுருக்கைப் போட்டு, இழுத்துப் பார்த்தாள். இறுகி நின்றது.

"இறங்காது," என்றாள்.